'கேட்ஸ்பி'யை வகுப்பில் நடத்துவது எப்படி? அமெரிக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆங்கில ஆசிரியர்களுக்கு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு ஆங்கிலம் உங்கள் கைக்கு வந்தால், அதோடு 'தி கிரேட் கேட்ஸ்பி'யும் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். பல பள்ளிகளில் அந்த வருடம் அமெரிக்க இலக்கியத்துக்கானது. புத்தக அறையில் இந்த நாவல் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925 ஏப்ரலில் வெளியிட்டது. ஒன்பதே அத்தியாயம், இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

சின்னப் புத்தகம்தானே என்று இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு புதுப் பணக்காரன் (கேட்ஸ்பி), கல்யாணமாகிவிட்ட பழைய காதலி (டெய்ஸி), ஒரு கார் விபத்து, ஒரு துப்பாக்கிச் சூடு. கதையைச் சொல்லி முடிக்க இரண்டு பீரியட் போதும். மிச்ச வாரங்களுக்கு என்ன செய்வது? நான் சொல்லும் வழி இது: கதையை அதன் போக்கில் விட்டுவிட்டு, கதை சொல்கிற நிக் காரவேயைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற ஒரே கேள்வியை வைத்து முழு நாவலையும் நடத்திவிடலாம். கீழே வரும் படிகளெல்லாம் அதை ஒட்டியவைதான்.

முதலில் காகித வேலை

இது சலிப்பான வேலை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. துறைத் தலைவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்த நாவல் உங்கள் டிஸ்ட்ரிக்டின் (உங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின்) அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா, பத்தாம் வகுப்பில் யாராவது ஏற்கெனவே நடத்திவிட்டார்களா. அப்புறம் பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம். குடி, கள்ளத்தொடர்பு, பெண்ணை அடிக்கும் காட்சி, இனவெறிப் பேச்சு எல்லாம் நாவலில் உண்டு என்று நேராகவே எழுதிவிடுங்கள். யாராவது வேண்டாம் என்றால் மாற்றுப் புத்தகம் கொடுப்பதற்குப் பள்ளியில் ஒரு நடைமுறை இருக்கும். அதைக் கேட்டு நடங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

ஐஇபி, 504 பிளான் (சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குப் பள்ளி எழுதிவைக்கும் உதவித் திட்டங்கள்) உள்ள மாணவர்களின் தாள்களை யூனிட், அதாவது இந்த நாவலுக்கான பாடத் தொகுதி, தொடங்கும் முன்பே எடுத்துப் படியுங்கள். கூடுதல் நேரம், ஒலிப்புத்தகம், எழுத்தில் குறிப்பு என்று எது எழுதியிருக்கிறதோ அது சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியது. ஆசிரியர் மனது வைத்துச் செய்யும் சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் மூன்று வருடத்துக்கு வருகிறவர்கள் பலர் இதைத்தான் முதலில் கோட்டைவிடுகிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் இந்த அளவுக்கு இதைப் பார்த்துப் பழக்கமில்லை.

ஒரு நல்ல செய்தி: 2021 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் இந்த நாவலுக்குக் காப்புரிமை கிடையாது. எந்தப் பக்கத்தையும் அச்செடுத்துக் கொடுக்கலாம். பள்ளிப் புத்தகத்தில் பென்சில் வைக்கக் கூடாது, அச்செடுத்த தாளில் எவ்வளவு வேண்டுமானாலும் கிறுக்கலாம். இந்த ஒரு வசதியே வகுப்பைப் பாதி தூரம் கொண்டுபோய்விடும்.

நீங்கள் இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை சும்மா. இரண்டாம் முறை ஒரு தாளைச் செங்குத்தாக மூன்று பத்தியாகப் பிரித்துக்கொண்டு: நிக் கண்ணால் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, அவனே ஊகித்தது. விருந்து, மழை, தேநீர் எல்லாம் முதல் பத்தி. 1917-இல் லூயிவில் நகரத்தில் டெய்ஸியும் கேட்ஸ்பியும் சந்தித்தது இரண்டாம் பத்தி, பாதி டெய்ஸியின் தோழி ஜோர்டன் பேக்கர் சொன்னது, பாதி கேட்ஸ்பியே சொன்னது. எட்டாம் அத்தியாயத்தில், விபத்தில் மனைவியை இழந்த கராஜ்காரன் வில்சன் இரவெல்லாம் பக்கத்துக் கடைக்காரன் மைக்கேலிஸோடு உட்கார்ந்திருக்கும் காட்சியைப் பாருங்கள். அங்கே நிக் இல்லவே இல்லை. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தவன் போல எழுதுகிறான். நீச்சல் குளத்தில் கேட்ஸ்பி கடைசியாக என்ன நினைத்தான் என்பது முழுக்க நிக்கின் ஊகம். 'நினைத்திருக்க வேண்டும்' என்ற தொனியில் அவனே எழுதுகிறான்.

இன்னொரு இடம். முதல் அத்தியாயத்தில், போன இலையுதிர் காலத்தில்தான் கிழக்கிலிருந்து திரும்பினேன் என்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில், இரண்டு வருடம் கழித்து அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன் என்கிறான். இரண்டும் லேசில் பொருந்தாது. ஃபிட்ஸ்ஜெரால்டின் கவனக்குறைவா, நிக்கின் குழப்பமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் எடுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

இந்த மூன்று பத்தித் தாள்தான் யூனிட் முழுக்க மாணவர்கள் கையிலும் இருக்க வேண்டியது. வேறு ஒர்க்‌ஷீட் எதுவும் தேவைப்படாது.

நாள் கணக்கு

ஐம்பது நிமிட பீரியடாக இருந்தால் நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்குப் பதினைந்து பக்கத்துக்கு மேல் கொடுத்தால் படித்து வர மாட்டார்கள். பயிற்சி, பகுதி நேர வேலை, மற்ற ஐந்தாறு பாடம் என்று அவர்களுக்கு இருக்கிறது. ஏழாம் அத்தியாயம் எல்லாவற்றிலும் நீளம். அதை மட்டும் உடைத்துக் கொடுங்கள்.

படித்தார்களா என்று பார்க்க, மணி அடித்ததும் மூன்று நிமிட க்விஸ் வையுங்கள். ஸ்பார்க்நோட்ஸ் இவர்களுடைய கோனார் நோட்ஸ். சாராம்சம் எல்லாம் அதில் கிடைத்துவிடும். அதனால் சாராம்சம் கேட்காதீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் வெள்ளிக்கிழமை தோறும் நியூயார்க் பழக்கடையிலிருந்து என்ன வந்து இறங்குகிறது? ஐந்து கூடை ஆரஞ்சும் எலுமிச்சையும். திங்கட்கிழமை அவை வெறும் தோலாகப் பின்வாசலில் கிடக்கும். படித்தவனுக்கு இது மறக்காது.

வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கச் சொல்லும் பழக்கம் வேண்டாம். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு அது தண்டனை. முக்கியமான பக்கங்களை நீங்களே வாசியுங்கள். 'என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களே' என்று தயங்குகிறவர்கள் உண்டு. முதல் வாரம் சிரிக்கலாம், அப்புறம் பழகிவிடும். வாக்கியத்தின் ஓட்டம் தெரிந்து நிறுத்தி வாசிக்கிற ஆசிரியர், உச்சரிப்பு எப்படி இருந்தாலும், இயந்திரக் குரலை விட மேல்.

முதல் நாள்

ஜாஸ் யுகம் என்று தலைப்புப் போட்டு மூன்று நாள் ஸ்லைடு ஓட்டாதீர்கள். அந்தப் படங்களைப் பிள்ளைகள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்கள். முதல் பக்கத்தைத் திறங்கள். யாரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது தன் வழக்கம் என்று நிக் அங்கே பெருமைப்பட்டுக்கொள்கிறான். 'இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு, அதே அத்தியாயத்தில் அவன் டெய்ஸியின் கணவன் டாம் புக்கானனை எப்படி வருணிக்கிறான் என்று எடுத்து வாசியுங்கள். அகங்காரமான கண், கொடுமை செய்யக்கூடிய உடம்பு! பத்து நிமிடத்தில் யாராவது ஒரு பெண் கை தூக்கி, 'இவன் தீர்ப்பு சொல்லிக்கொண்டேதானே இருக்கிறான்' என்பாள். யூனிட் ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் பணம். நிக்கின் வாடகை மாதம் 80 டாலர். அக்கம்பக்கத்து மாளிகைகளுக்கு ஒரு பருவத்துக்கே 12,000, 15,000 டாலர். பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அவன் அப்பா ஒரு வருடம் பணம் கொடுத்துத் தாங்குகிறார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தன்னை நடுத்தரமாகக் காட்டிக்கொள்ளும் நிக் அப்படி ஒன்றும் ஏழையில்லை.

கடைசிப் பத்து நிமிடம் கூகுள் மேப். லாங் ஐலண்டின் வடகரையில் கிரேட் நெக்கைக் காட்டுங்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் குடும்பம் 1922 முதல் 1924 வரை அங்கே குடியிருந்தது, அதுதான் நாவலில் கேட்ஸ்பியும் நிக்கும் இருக்கும் வெஸ்ட் எக். விரிகுடாவுக்கு எதிர்க்கரை, டாமும் டெய்ஸியும் இருக்கும் ஈஸ்ட் எக். அங்கிருந்து நியூயார்க் போகும் வழியில் வரும் சாம்பல் மேடு கற்பனையல்ல, குவீன்ஸில் கொரோனா என்ற இடத்தில் நிஜமாகவே கொட்டிக் கிடந்தது. பிறகு அதைச் சமன்செய்து 1939 உலகக் கண்காட்சிக்குத் திடலாக்கினார்கள். யூ.எஸ். ஓப்பன் டென்னிஸ் இப்போது நடப்பது அந்தப் பூங்காவில்தான். இதைச் சொன்னதும் பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

மற்ற பின்னணியெல்லாம் தேவைப்படும் பக்கத்தில் சொன்னால் போதும். உதாரணத்துக்கு மதுவிலக்கு. 1920-இல் வந்து 1933-இல் போனது. ஏழாம் அத்தியாயத்தில் டாம், கேட்ஸ்பியும் அவனுடைய கூட்டாளி உல்ஃப்ஷைமும் மருந்துக் கடைகளை வாங்கினார்கள் என்று குற்றம் சாட்டும்போது பிள்ளைகள் முழிப்பார்கள். மருந்துக் கடையில் என்ன குற்றம்? டாக்டர் சீட்டு இருந்தால் அந்தக் காலத்தில் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம், அந்தப் போர்வையில் கள்ளச் சாராயம் ஓடியது என்று அங்கே ஒரு வரி சொல்லுங்கள்.

டாமின் பேச்சைத் தாண்டிப் போகாதீர்கள்

முதல் அத்தியாயத்து இரவு விருந்தில் டாம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறான். வெள்ளையர்கள் கவனமாக இல்லாவிட்டால் மற்ற இனங்கள் அவர்களை மூழ்கடித்துவிடுமாம். நாவலில் புத்தகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் லாத்ராப் ஸ்டாடர்ட் என்பவர் 1920-இல் அப்படியொரு புத்தகம் எழுதினார், அது நன்றாக விற்கவும் செய்தது. (மூன்றாம் அத்தியாயத்தில், கேட்ஸ்பியின் நூலகத்தில் குடிபோதையில் இருக்கும் கண்ணாடிக்காரர் கையில் எடுத்துக் காட்டுவது ஸ்டாடர்ட் சொற்பொழிவுகளின் முதல் தொகுதி. அந்த ஸ்டாடர்ட், லாத்ராப் ஸ்டாடர்டின் அப்பா. மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, எனக்குப் பிடித்த தகவல்.)

நாவலுக்கு முந்தைய வருடம், 1924-இல், குடியேற்றத்தைக் கடுமையாகக் குறுக்கும் சட்டம் வந்தது. அதற்கும் முந்தைய வருடம் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை பெறத் தகுதியில்லை என்று தீர்ப்பளித்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த சீக்கியர் அவர். இந்திய முகத்தோடு அந்த வகுப்பின் முன்னால் நிற்கும் நீங்கள் இந்த வழக்கைச் சொல்லும்போது டாமின் பேச்சு வெறும் குடிகாரன் உளறலாக இருக்காது. நீட்ட வேண்டாம். ஐந்து நிமிடம்.

இரண்டாம் அத்தியாயத்தில் யூதர்களை இழிவாகச் சொல்லும் சொல் ஒன்று வருகிறது. நான்காம் அத்தியாயத்தில் உல்ஃப்ஷைமின் மூக்கு வருணனையும், பாலத்தில் போகும் காரில் இருக்கும் கறுப்பினத்தவரைப் பற்றிய வரிகளும் இருக்கின்றன. வசைச் சொற்களை வாய்விட்டு வாசிப்பதில்லை என்று முன்பே வகுப்புக்கு அறிவித்துவிடுங்கள். அந்த இடங்களை மாணவர் யாரையும் வாசிக்கச் சொல்லாதீர்கள். அப்புறம் கேள்வி: டாம் பேசும்போது நிக் முகம் சுளிக்கிறான் சரி, இந்த வருணனைகள் யாருடையவை? இவை நிக்கின் சொந்த வரிகள். டாமைக் கேலி செய்கிறவன் தன்னைக் கவனிக்கவில்லை. சிலர் எழுத்தாளர் மீதே பழியைப் போடுவார்கள். அதுவும் நியாயமான வாதம்தான், நடக்கட்டும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு பீரியட்

ஐந்தாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பியும் டெய்ஸியும் ஐந்து வருடத்துக்குப் பிறகு நிக்கின் வீட்டில் சந்திக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கொடுங்கள். வெளியே மழை. கேட்ஸ்பி ஓடாத கடிகாரம் ஒன்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ரொம்பச் சாவகாசமாக இருப்பவன் போல நிற்கிறான். கடிகாரம் சரிகிறது. நடுங்கும் விரலால் பிடித்து நிறுத்துகிறான். கடிகாரத்துக்காக மன்னிப்புக் கேட்கிறான். பழைய கடிகாரம்தான் என்று நிக் அசடு வழிய ஒரு பதில் சொல்கிறான்.

முதல் வாசிப்பு நீங்கள். இரண்டாவது அவர்கள் மௌனமாக, பென்சிலோடு. பிறகு ஒரே கேள்வி: இந்த அறையில் யார் அதிகம் பதறுகிறார்கள்? பாதிப் பேர் கேட்ஸ்பி என்பார்கள். சிலர் நிக் என்பார்கள், அவர்களிடம் ஆதாரம் கேளுங்கள். கடிகாரம் தரையில் விழுந்து நொறுங்கியே போய்விட்டது என்று ஒரு கணம் எல்லோரும் நம்பினோம் என்று எழுதுகிறான். எல்லோரும் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? இது எந்தப் பத்தியில் போகும், கண்டதா, ஊகித்ததா?

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். நமக்கு இது கஷ்டம். கேள்வியைக் கேட்டு நாமே பதிலும் சொல்லி, அதை எழுதிக்கொள்ளவும் சொல்லிப் பழகியவர்கள் நாம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஏழு, எட்டு வரும்போது யாராவது பேசிவிடுவார்கள்.

ஏழாம் அத்தியாயத்துக்கு நாற்காலி

எந்தக் காரில் யார் என்பதில் குழம்பாத வகுப்பே இல்லை. குழம்பினால் முடிவு புரியாது. அதனால் நாற்காலிகளை இழுத்துப் போட்டு இரண்டு கார் செய்யுங்கள், ஒன்றுக்கு மஞ்சள் தாள், ஒன்றுக்கு நீலத் தாள். நகரத்துக்குப் போகும்போது கேட்ஸ்பியின் மஞ்சள் காரை டாம் ஓட்டுகிறான், நிக்கும் ஜோர்டனும் அவனோடு. டாமின் நீலக் காரில் கேட்ஸ்பியும் டெய்ஸியும். வழியில் டாம் பெட்ரோல் போட வில்சனிடம் நிற்கிறான். மேல் ஜன்னலிலிருந்து வில்சனின் மனைவி மர்ட்டில், டாமின் கள்ளக் காதலி, பார்க்கிறாள்: மஞ்சள் கார், டாம், பக்கத்தில் ஒரு பெண். அவள் ஜோர்டனை டாமின் மனைவி என்று நினைத்துக்கொள்கிறாள். ஒரு மாணவியை மேசைப் பக்கம் நிறுத்தி, அவள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று சொல்லச் சொல்லுங்கள்.

பிளாசா ஹோட்டல் சண்டை முடிந்து திரும்பும்போது ஆட்களை மாற்றி உட்காரவையுங்கள். மஞ்சள் காரில் இப்போது கேட்ஸ்பி, டெய்ஸி. ஓட்டுவது டெய்ஸி. மர்ட்டில் ஏன் அந்தக் காரை நோக்கி ஓடி வருகிறாள் என்று நீங்கள் விளக்கத் தேவையிருக்காது. நாற்காலியே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் மறுபடி நம் கேள்வி: விபத்தை நிக் பார்த்தானா? இல்லை. டெய்ஸிதான் ஓட்டினாள் என்பது அவனுக்குத் தெரிவது கேட்ஸ்பி வாயால் மட்டும்தான்.

சின்னங்கள்

டெய்ஸி வீட்டுப் படகுத்துறையின் பச்சை விளக்கு நம்பிக்கை, சாம்பல் மேட்டு விளம்பரப் பலகையின் கண்கள் கடவுள், மஞ்சள் பணம். இப்படி ஒரு பட்டியல் இணையத்தில் எங்கும் கிடைக்கிறது, பரீட்சைக்கு மனப்பாடம் செய்யவும் தோதாக இருக்கிறது. என் வகுப்பில் 'இது இதைக் குறிக்கிறது' என்ற வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது. பச்சை விளக்கு முதல் அத்தியாயத்தின் முடிவில், ஐந்தாவதில், கடைசிப் பக்கத்தில் என்று வருகிறது. அந்த இடங்களில் அதற்கு என்ன ஆகிறது என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. ஐந்தாவதில் டெய்ஸி பக்கத்திலேயே நிற்கும்போது அது வெறும் படகுத்துறை விளக்காகிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குப் பட்டியல் வேண்டாம்.

தவறாமல் வரும் கேள்வி

நிக்குக்குக் கேட்ஸ்பி மீது காதலா என்று யாராவது கேட்பார்கள். சிரிப்பாக்காதீர்கள், மழுப்பவும் வேண்டாம். இரண்டாம் அத்தியாயத்தின் கடைசி அரைப் பக்கத்தை, விருந்தில் சந்தித்த மிஸ்டர் மெக்கீயோடு அவன் லிஃப்டில் இறங்கியதற்குப் பிறகு வரும் புள்ளிகளோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதும் நம் விசாரணைதான். ஆதாரம் இருக்கிற அளவுக்குப் பேசலாம், அவ்வளவே.

படம்

1974-லும் 2013-லும் வந்த படங்கள் பிரபலம். புத்தகம் முடியும் முன் காட்டாதீர்கள். முடித்த பிறகும் துண்டு துண்டாகப் போதும், உங்கள் டிஸ்ட்ரிக்டின் திரைப்பட விதியைப் பார்த்துக்கொண்டு. 2013 படத்தில் உல்ஃப்ஷைமாக வருவது அமிதாப் பச்சன் என்பது நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம். யூத உருவக்கேலியாக எழுதப்பட்ட பாத்திரத்துக்கு ஓர் இந்திய நடிகரை ஏன் போட்டிருப்பார்கள் என்பது நல்ல விவாதக் கேள்வியும்கூட. அந்தப் படத்தில் நிக் ஒரு மனநலக் காப்பகத்தில் உட்கார்ந்து கதையை எழுதுகிறான். நாவலில் அப்படி எதுவும் இல்லை. கட்டுரையில் காப்பகம் வந்தால் புத்தகத்தைத் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசி அத்தியாயமும் கட்டுரையும்

ஒன்பதாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் அப்பா ஒரு கிழிந்த பழைய புத்தகத்தைக் காட்டுகிறார். அதன் கடைசி வெற்றுத் தாளில் சிறுவன் ஜிம்மி (கேட்ஸ்பியின் இளவயதுப் பெயர்) எழுதிய தினசரி அட்டவணை: ஆறு மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் படிப்பது, பேச்சுப் பயிற்சி. கீழே தீர்மானங்கள். வாரம் 5 டாலர் சேமிப்பு என்று எழுதி, அடித்து, 3 டாலராக்கியிருக்கிறான். பெற்றோரிடம் இன்னும் நல்லபடி நடப்பது என்பது கடைசி வரி. பெஞ்சமின் பிராங்க்ளினின் சுயசரிதையை வருட ஆரம்பத்தில் படித்திருந்தால் அவருடைய அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்று: அட்டவணையின் தேதி 1906. எழுதப்பட்டிருக்கும் புத்தகமான 'ஹோபலாங் காசிடி' வெளிவந்ததோ 1910-இல். எழுத்தாளர் சறுக்கினாரா, யாரோ பொய் சொல்கிறார்களா என்று மாணவர்கள் துப்பறியத் தொடங்கினால் தடுக்காதீர்கள்.

கட்டுரையை வீட்டுக்குக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்துவிடும். இரண்டு பீரியட் ஒதுக்கி வகுப்பிலேயே, கையால், தங்கள் மூன்று பத்தித் தாளை வைத்துக்கொண்டு எழுதட்டும். தலைப்பு இப்படி இருக்கலாம்: நான் அறிந்த மிகச் சில நேர்மையானவர்களில் நானும் ஒருவன் என்று மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் நிக் சொல்கிறான். கேட்ஸ்பியை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தான் சரியென்று ஏற்றுக்கொள்ளவில்லை என்று எட்டாவதில் சொல்கிறான். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, நம்புகிறாயா என்று மூன்று இடங்களின் ஆதாரத்தோடு எழுது. ரூப்ரிக்கை (எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அட்டவணையை) முந்தின வாரமே கொடுத்துவிடுங்கள். திருத்தும்போது ஒவ்வொரு இலக்கணப் பிழைக்கும் சிவப்பு மை வேண்டாம். ஆதாரம் பொருந்துகிறதா, வாதம் நகர்கிறதா என்று பாருங்கள், ஒருவருக்கு இரண்டு குறிப்புக்கு மேல் எழுதாதீர்கள்.

கட்டுரை எழுதும் இரண்டாம் நாளே புத்தகங்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள், எண்ணைச் சரிபார்த்து. அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் பாதிப் புத்தகம் லாக்கரில், கால்வாசி காரில், மிச்சம் அண்ணன் வீட்டில் என்று பதில் வரும்.